சர்வர் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு வணிகர்கள் கணக்கு வழக்குகளை எல்லாம் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் வேறொரு நிறுவனத்தின் கணினிக்கு, மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. இயந்திரம் வாங்கும் செலவு இல்லை, மின்வெட்டுக் கவலை இல்லை, எங்கிருந்தும் திறந்து பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தவை எல்லாம் சரிதான். நானே பல ஆண்டுகளாக இதையேதான் சொல்லி என் மென்பொருளை விற்று வருகிறேன். ஆனால் அந்தச் சேவை நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்ற ஒரு கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரிகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்து தருவது என் தொழில். முன்பு ஒரு நூல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். உதவிக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் லுங்கி, துண்டு, நைட்டி, போர்வை விற்பவர்கள். கடையில் ஆளுக்கொரு கணினி இருக்கும். பில்லும் இருப்பும் பாக்கிக் கணக்கும் இருப்பதோ, நான் மாத வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில். அந்த சர்வர் மும்பையில் ஒரு தரவு மையத்தில் இருப்பதாக நிறுவனத்தின் தளம் சொல்கிறது.

நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே தொழிலில் இருக்கும் நண்பர்கள் வேறு வேறு நிறுவனங்களில் இடம் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதையும் ஏறக்குறைய இதேதான்.

ஈரோடு ஜவுளிச் சந்தை திங்கள் மாலை சூடுபிடிக்கும். செவ்வாய் முழுக்க நடக்கும். கேரளம், கர்நாடகம், ஆந்திரத்திலிருந்து வரும் வியாபாரிகள் இரவோடு இரவாகச் சரக்கெடுத்து, பண்டல் கட்டி, பார்சல் ஆபீசில் போட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். வெளி மாநிலத்துக்குப் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், சரக்கோடு போக வேண்டிய இணையவழி அனுமதிச் சீட்டான இ-வே பில் வேண்டும். அந்த எண் இல்லாத பண்டலை பார்சல் ஆபீசில் ஏற்ற மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இ-வே பில் இல்லாத சரக்கை வண்டியோடு சேர்த்து நிறுத்திவைக்க ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129ஆவது பிரிவு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆகவே எங்கள் ஊரில் திங்கள் இரவு பில் நின்றால் சரக்கு நின்றது என்று பொருள்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, மாலை ஆறரை மணி வாக்கில், சர்வர் படுத்துவிட்டது.

முதல் தொலைபேசி அழைப்பு ஒரு போர்வைக் கடையிலிருந்து வந்தது. "அக்கா, பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கொஞ்சம் பாருங்கள்" என்றார். அதைப் பேசி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு. எந்தச் சேவை ஓடுகிறது, எது நின்றது என்று காட்டும் நிறுவனத்தின் நிலவரப் பக்கத்தைத் திறந்தேன். வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். மும்பை மையம், இயல்பு. வலையமைப்பு, இயல்பு. சேமிப்பகம், இயல்பு. எல்லாமே இயல்பு என்றால் கோளாறு எங்கள் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் இருவரும் எங்கள் நிரலையும் இணைய இணைப்பையும் குடைந்து பார்த்தார்கள். சந்தை நாளில் ஒரு மணி நேரம் அந்தப் பச்சைப் புள்ளிகளுக்குப் பலியானது. பிறகுதான், சர்வரை இயக்க நிறுவனம் தன் தளத்தில் தந்திருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையே திறக்கவில்லை என்பது தெரிந்தது. அதற்கும் எங்கள் நிரலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

உதவிப் பெட்டியில் எழுதினால் முதலில் பதில் சொல்வது ஓர் எந்திரம். இரவு ஏழரை மணிக்கு அது எனக்குக் காலை வணக்கம் சொன்னது. சர்வரை ஒரு முறை நிறுத்தித் தொடங்கிப் பார்க்கச் சொன்னது. நிறுத்துவதற்கான பொத்தான், திறக்காத அந்தப் பலகைக்குள்தான் இருக்கிறது என்று எழுதினேன். அந்தப் பொத்தானை எங்கே காணலாம் என்று விளக்கும் பக்கத்தின் இணைப்பை அனுப்பியது. கடைசியில் டிக்கெட், அதாவது எண்ணிட்ட புகார், பதியச் சம்மதித்தது. எவ்வளவு அவசரம் என்று கேட்கும் இடத்தில் நான்கு தெரிவுகள் இருந்தன. "சேவை முழுவதும் நின்றுவிட்டது" என்ற நான்காவது தெரிவு மட்டும் வெளிறிப் போய் அழுத்த முடியாதபடி இருந்தது. சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால், உயர்நிலை ஆதரவுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் என்றொரு குறிப்பு வருகிறது. அந்தத் திட்டத்துக்கான மாதக் கட்டணம் என் சர்வர் வாடகையைவிட அதிகம். வீட்டுக்காரரிடம் கூரை ஒழுகுகிறது என்று சொல்வதற்குத் தனி வாடகை கேட்பதைப் போன்ற ஏற்பாடு இது.

நள்ளிரவுக்குப் பிறகு ஒரு மனிதர் பதில் எழுதினார். எங்கள் இணைப்பு எந்தெந்த வழியாக அவர்கள் மையத்துக்குப் போகிறது என்ற சோதனை அறிக்கை கேட்டார். அனுப்பினோம். சற்று நேரத்தில் பணிமுறை மாறிவிட்டது போலிருக்கிறது. வேறொரு பெயரில் வந்தவர் அதே அறிக்கையை முதலிலிருந்து கேட்டார். விடியற்காலையில் மூன்றாமவர்தான் உண்மையைச் சொன்னார்: சேமிப்பகத்தின் ஒரு பகுதி பழுதாகியிருக்கிறது, பொறியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போதும் நிலவரப் பக்கம் பச்சையாகத்தான் இருந்தது. காலை ஒன்பது மணிக்குப் பிறகு மும்பைக்கு எதிரே ஒரு மஞ்சள் புள்ளி தோன்றியது. "சில வாடிக்கையாளர்கள் வேகக் குறைவை உணரலாம்" என்று போட்டிருந்தார்கள்.

அந்த மூவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்த பதிலை ஒட்டுவது அவர்கள் வேலை.

காப்புப் பிரதி வைத்துக்கொள்ளவில்லையா என்று தங்கள் கட்டுரையாளர் கேட்கலாம். ஒவ்வொரு நாள் இரவும் எங்கள் அலுவலக வட்டில் ஒரு பிரதியும் வேறு நிறுவனத்தின் இடத்தில் ஒரு பிரதியும் விழுந்துவிடும். அதைக் கொண்டு இரவு பத்து மணிக்குள் வேறு நிறுவனத்தில் புது சர்வர் ஒன்றை எழுப்பிவிட்டோம். பில் அச்சானது. இ-வே பில் மட்டும் வரவில்லை. மென்பொருளிலிருந்து நேரடியாக இ-வே பில் எடுக்க வேண்டுமானால், முன்கூட்டியே பதிவுசெய்த ஐபி முகவரியிலிருந்து, அதாவது இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்ணிலிருந்து, கோரிக்கை போக வேண்டும். புது சர்வர் என்றால் புது முகவரி. அதைப் பதிந்து ஒப்புதல் வாங்கும் வேலை திங்கள் இரவு பத்து மணிக்கு நடக்கிற காரியமா?

ஆகவே அரசுத் தளத்தில் ஒவ்வொன்றாகக் கையால் அடித்தோம். வாங்குபவரின் பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண், சரக்கின் வகையைச் சொல்லும் எச்.எஸ்.என். குறியீடு, இரண்டு ஊர்களின் பின்கோடு, பார்சல் ஆபீசின் பதிவெண். போர்வைக் கடைக்காரர் தம் மகனை எங்கள் அலுவலகத்துக்கே அனுப்பி உட்கார வைத்துவிட்டார். மாதந்தவறாமல் பாலக்காட்டிலிருந்து வந்து அவரிடம் சரக்கெடுக்கும் ஒரு வியாபாரி, பண்டலைக் கட்டிப் போட்டுவிட்டு, வண்டிக்கு நேரமாகிறது, நாளை அனுப்புங்கள் என்று கிளம்பினார். அந்தச் சரக்குக்கான மீதித் தொகையும் அவரோடு கிளம்பிவிட்டது. புது சர்வரில் ஞாயிறு இரவு வரைக்குமான பாக்கிதான் தெரியும். திங்கள் பகலில் வசூலானது எதுவும் அதில் இல்லை. கொடுத்தேன், இல்லை என்று கடை வாசலில் நடந்த வாக்குவாதங்களுக்குக் கணக்கே இல்லை.

செவ்வாய் பிற்பகல் பழைய சர்வர் எழுந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய தலைவலி. ஒரு நிதியாண்டில் பில் எண்கள் வரிசை தவறாமல் வர வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி. பழைய சர்வர் நின்ற இடத்தில் ஓர் எண். புது சர்வரில் போட்ட பில்களில் அதே எண்கள் மீண்டும். சில கடைகளில் பழைய கைப்பில் புத்தகத்தை எடுத்து எழுதியது வேறு வரிசை. ஒவ்வொரு கடையின் ஆடிட்டருக்கும் விளக்கம் எழுதி, கணக்கை ஒட்டவைத்து முடிக்க அந்த வாரம் முழுவதும் போயிற்று. நல்ல வேளையாக, விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்ய வேண்டிய பதினோராம் தேதிக்கு அவகாசம் இருந்தது. தாமதமானால் வணிகரிடம் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம் வசூலாகும். மும்பையில் சேமிப்பகம் பழுது என்பதை அந்தக் கணக்கு கேட்டுக்கொள்ளாது.

இனி இழப்பீட்டுக்கு வருகிறேன். மாதத்தில் 99.9 சதவீதம் இயங்கும் என்பது அவர்கள் விளம்பரம். முப்பது நாள் மாதத்தில் அப்படியானால் சுமார் 43 நிமிடம் நிற்கலாம். நின்றது ஏறத்தாழ 19 மணி நேரம். கேட்டதற்கு, வாடகையான 2,400 ரூபாயை மணிக்கணக்கில் வகுத்து 63 ரூபாய் என்று பதில் வந்தது. அதுவும் பணமாக இல்லை, அடுத்த பில்லில் கழிவாக. அதையும் தானாகத் தர மாட்டார்கள். படிவம் நிரப்பி, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை நின்றது என்பதற்கு நானே ஆதாரம் வைக்க வேண்டும். அவர்களது நிலவரப் பக்கம் பச்சையாக இருந்த நேரத்துக்கும் சேர்த்து! வியாபார இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் குறியிடாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. இதற்கிடையில், என்னிடமிருந்து பதில் வராததால் டிக்கெட் மூடப்பட்டது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. கடைசியாக அதில் எழுதியிருந்தது நான்தான். குறைதீர் அலுவலர் என்று தளத்தின் அடியில் இருந்த முகவரிக்கு எழுதினேன். புதிய டிக்கெட் எண்ணோடு எந்திரம் நன்றி சொன்னது.

இழப்பீடு என்பது நம் நாட்டுக்குப் புதிய சங்கதி அன்று. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ஐந்து நாள்களுக்குள் வங்கி திருப்பிப் போட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தத் தொகை தானாகச் சேர வேண்டும் என்பது அதன் சிறப்பு. ஒரு மாவட்டத்தில் தொலைத்தொடர்பு 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020இல் வந்தன. அவற்றிலும் தானியங்கி இழப்பீடு உண்டு. கடைக்காரரின் மின்சாரம், தொலைபேசி, வங்கி மூன்றுக்கும் கேட்க ஓர் இடம் இருக்கிறது. அவருடைய மொத்தக் கணக்கும் குடியிருக்கும் சர்வருக்குத்தான் இல்லை.

கிளவுட் நிறுவனங்கள் மீது அரசின் பார்வை படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இணையத் தாக்குதல் போன்ற நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை, அவர் விலகிய பிறகும் ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. என் எண் அவர்களிடம் ஐந்தாண்டுகள் இருக்கும். இரவில் மனிதர் எடுக்கும் எண் ஒன்றை அவர்கள் எனக்குத் தர வேண்டும் என்ற வரியைத்தான் தேடுகிறேன்.

பழுதே வரக் கூடாது என்று கேட்கும் அளவுக்கு நான் விவரம் தெரியாதவள் அல்லள். எல்லாப் பெரிய நிறுவனங்களிலும் வந்திருக்கிறது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் கிளவுட் சேமிப்பகமான எஸ்3 சில மணி நேரம் முடங்கியது. வேறொரு கோளாறைச் சரிபார்த்தபோது ஊழியர் ஒருவர் கட்டளையைத் தவறாக உள்ளிட்டதால், நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் கழன்றுவிட்டன. அவர்களது நிலவரப் பக்கமும் அதே சேமிப்பகத்தை நம்பியிருந்ததால், அதைக்கூட உடனே மாற்ற முடியவில்லை. ஆனால் சில நாள்களில் இவை எல்லாவற்றையும், நிலவரப் பக்கம் மாறாத காரணம் உட்பட, அவர்களே எழுதி வெளியிட்டார்கள். நான் எதிர்பார்ப்பது அதைத்தான். எனக்கு இன்றுவரை வந்திருக்கும் விளக்கம், "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பதோடு நிற்கிறது.

அதே நிறுவனத்தின் காப்புப் பிரதியை மட்டும் நம்புபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றி, ஒரு கட்டடம் முழுவதும் எரிந்துபோனது. சர்வரோடு பிரதியையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயின. 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பருக்கு கூகுள் கிளவுடில் இருந்த தனி இடம் ஓர் அமைப்புப் பிழையால் அழிந்தது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறு நிறுவனத்திடமும் பிரதி வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது. அவர்கள் பெரிய நிதியம். கூகுள் கிளவுடின் தலைமை நிர்வாகியே சேர்ந்து அறிக்கை விட்டார். மாதம் 2,400 ரூபாய் கட்டுபவளுக்கு எந்திரத்தின் காலை வணக்கம்.

டிராய் 2017 ஆகஸ்டிலும் பிறகு 2020 செப்டம்பரிலும் கிளவுட் சேவை பற்றிப் பரிந்துரைகளைக் கொடுத்தது. இந்த நிறுவனங்கள் ஒரு தொழில் அமைப்பில் சேர்ந்து, நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அவற்றின் சாரம். நல்ல யோசனைதான். நான் வாடகை கட்டும் இடத்தில் அதன் சுவடு எதையும் பார்க்கவில்லை.

மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்திடம் நான் கேட்பது அதிகமில்லை. சேவை நின்றால் அரை மணி நேரத்துக்குள் உண்மையான நிலவரத்தை வெளியிட வேண்டும். அதை மறைத்த நேரத்துக்கு வாடகைக் கழிவு இரட்டிப்பாக வேண்டும். கழிவு கேட்காமலே சேர வேண்டும். சேவை முழுவதும் நின்றது என்று சொல்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. இவற்றுக்கெல்லாம் புதுச் சட்டம் தேவையா, ஓர் உத்தரவு போதுமா என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஏ.டி.எம்.முக்கு ஒரு சுற்றறிக்கையே போதுமானதாக இருந்தது. தங்கள் வணிகப் பக்கம் இதே கேள்வியை அமைச்சகத்திடம் கேட்டு, வரும் பதிலை வெளியிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பேருதவி.

பில்களை எல்லாம் வேறு நிறுவனத்துக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டேன். பல ஆண்டுக் கோப்புகள் என்பதால் மெதுவாகத்தான் இறங்குகின்றன. வெளியே எடுக்கும் ஒவ்வொரு ஜி.பி.க்கும் கட்டணம் போடுகிறார்கள் என்பதும் இப்போதுதான் பில்லில் தெரிகிறது. வாடிக்கையாளர்களின் கணக்கு இன்னும் அந்த சர்வரில்தான் இருக்கிறது. ஆகவே இக்கடிதத்தை வெளியிடும்போது என் பெயரைத் தவிர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாற்றி முடித்ததும் பெயரோடு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈரோடு